கமராக் கங்காணி

கங்காணி என்றால் மலையக மக்களாகிய நமக்கு விளக்கம் தேவையில்லை. கொழுந்து பறிக்கும் கைகளின் மேல் கண் வைத்திருந்தவன் அவன். கொடியவனாயினும், யாருக்காகப் பார்த்தான் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தனர். இன்று உடப்புசல்லாவைக் கடைத்தெரு வரை வந்துவிட்ட இணையக் கமரா யாருக்காகப் பார்க்கின்றது என்பதை, அதை மாட்டிய முதலாளியே அறியார்.

2025 பெப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் ஒரு கொடுமை அம்பலமாயிற்று. மகப்பேற்று மருத்துவமனையொன்றின் கமராவுக்குள் இணைய வழியே புகுந்தோர், அங்கு ஊசி போட்டுக்கொண்ட பெண்களின் காட்சிகளைத் திருடி, டெலிகிராம் மூலம் விற்றிருந்தனர். கமராவின் கடவுச்சொல் 'அட்மின் 123'. தொழிற்சாலை இட்டது, எவரும் மாற்றாதது.

மாற்றாதவரே குற்றவாளி என்போர் உளர். மருத்துவமனையின் பொறுப்பை நாம் மறுக்கவில்லை; அந்த அறையில் கமரா எதற்கு? ஆயினும், ஆயிரம் லயக் காம்பராக்களுக்கும் ஒரே திறப்பால் திறபடும் பூட்டை விற்றவனை விட்டுவிட்டு, களவு போன வீட்டை மட்டும் ஏசுவது எவ்வகை நீதி? அறியாப் பிழை என்றும் அவன் சொல்ல இயலாது. 2016இலேயே 'மிராய்' என்னும் தீய நிரல், இத்தகைய அறுபதுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டே இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றிக் காட்டிற்று.

எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் இட்டு விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்ரலில் சட்டத்தால் தடுத்தது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தரவைக் கையாள்வோரைக் கேள்வி கேட்கிறது. பூட்டுச் செய்தவனை அது தேடிச் செல்வதில்லை.

படத்தில் அகப்பட்டவள் கமரா வாங்கவுமில்லை, கடவுச்சொல் இடவுமில்லை. ஊசி போட வந்திருந்தாள்.