ஊலு கத்தியும் மதிப்பீட்டுப் படிவமும்

பக்கவாதம் வந்து தேறிவருபவரிடம், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கேட்பது, “திரும்பவும் எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள்?” என்று. மருத்துவத் துறையில் இதைவிட மரியாதையான கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கனடாவின் ஆர்க்டிக் பகுதியான நுனாவுட்டிலிருந்து தெற்கே ஒட்டாவாவுக்கோ வின்னிபெக்குக்கோ விமானத்தில் கொண்டுவரப்பட்ட ஓர் இனுயிட் பூர்வகுடி மூதாட்டியிடம் அதைக் கேட்பவருக்குக் கொஞ்சம் சரித்திரமும் தெரிந்திருக்க வேண்டும்.

1950களில் சி.டி. ஹோவ் என்ற கப்பல் ஆர்க்டிக் கரையோரக் குடியிருப்புகளுக்கு வந்துபோகும். கப்பலிலேயே எக்ஸ்ரே எடுப்பார்கள். காசநோய் என்று தெரிந்தால், கரைக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு வரக்கூடப் பலரை விடவில்லை. அப்படியே தெற்கே கொண்டுபோனார்கள். அந்தப் பத்தாண்டின் நடுவில் இனுயிட் மக்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் தெற்கத்திய மருத்துவமனைகளில் இருந்தார். இறந்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்பதே பல குடும்பங்களுக்குச் சொல்லப்படவில்லை. அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ இதற்காக மன்னிப்புக் கேட்டது 2019 மார்ச்சில்தான்.

எட்மன்டனின் சார்ல்ஸ் கேம்செல் இந்தியன் மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபியும் நடந்தது. நோயாளிகள் படுக்கையில் இருந்தபடியே கல் செதுக்கினார்கள், மணி கோத்தார்கள், தைத்தார்கள். அந்த வேலை பலருக்கு ஆறுதலாகவே இருந்திருக்கும். ஆனாலும், கைக்கு வேலை கொடுத்த அதே ஏற்பாடுதான் தாயையும் பிள்ளையையும் பிரித்தது. அன்று கரையில் நின்ற பிள்ளைகள்தாம் இன்று முதியவர்களாக வந்து அனுமதியாகிறார்கள். மருத்துவமனைக் கட்டிலில் ஒருவர் வாய் திறக்காமல் படுத்திருந்தால் அதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

அடுத்து, அளவுகோல். இத்துறையில் வெகுகாலமாகப் புழங்கும் படிவங்கள் மனிதச் செயல்களைச் சுயபராமரிப்பு, உழைப்பு, ஓய்வு என்று மூன்றாகப் பிரிக்கின்றன. கணவர் வேட்டையாடிய சீல் விலங்கை மனைவி தோலுரித்து, இறைச்சியை அக்கம்பக்கத்துக்குப் பங்கிட்டு, உறவினரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். இது மூன்றில் எது? ‘தனியாகச் செய்கிறாரா’ என்ற கட்டத்தில் டிக் போட முடியாமல் போனால் அவருக்கு மதிப்பெண் குறைகிறது. ஆனால் இந்தக் காரியத்தைத் தனியாகச் செய்தால் அதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

மருத்துவமனைச் சமையலறையில் மேடைமுன் நின்று தேநீரும் டோஸ்டும் செய்துகாட்டச் சொல்வது வழக்கமான சோதனை. அந்த மூதாட்டியோ தரையில் அட்டையை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, பிறைவடிவ ஊலு கத்தியால் உறைந்த இறைச்சியை நறுக்கிப் பழகியவர். ஊலுவின் பிடி அலகுக்கு நேர் மேலே இருப்பதால் கையின் பலம் நேராகக் கீழே இறங்குகிறது. ஒரு கை மட்டும் இயங்குபவர்களுக்கு இதே துறை பரிந்துரைக்கும் வளைவுக் கத்தியும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது! தரையில் உட்கார்ந்து எழ இடுப்புக்கு எவ்வளவு வலு வேண்டும், ஊலுவைப் பிடிக்க விரல் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதையெல்லாம் துல்லியமாக அளக்கலாம், பயிற்சியும் கொடுக்கலாம். இதற்குப் புதிய விஞ்ஞானம் வேண்டியதில்லை.

நியூசிலாந்தின் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன், வேறு பண்பாட்டினரைப் பராமரிப்பது என்ற இந்தச் சிக்கலை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தார். பிறருடைய பழக்கவழக்கங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதை அவர் கேட்கவில்லை. செவிலியர் முதலில் தம் கையிலுள்ள அதிகாரத்தைப் பார்க்க வேண்டும், பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லும் உரிமை பராமரிக்கப்பட்டவருக்கே உண்டு என்றார். 1992இல் அந்நாட்டுச் செவிலியர் கல்வியில் இது இடம்பெற்றது. எந்தத் தெரபிஸ்டுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் வெளியிட்ட 94 கோரிக்கைகளில் 23ஆவது, மருத்துவத் துறையில் பூர்வகுடிப் பணியாளர்களைப் பெருக்க வேண்டும், அவர்களைத் தம் சமூகங்களிலேயே தக்கவைக்க வேண்டும், எல்லாருக்கும் பண்பாட்டுப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. மூன்றில் பயிற்சிதான் எளிது. முதல் இரண்டுக்கும் பணமும் தலைமுறைப் பொறுமையும் வேண்டும், அவற்றுக்குத்தான் நாம் குரல் கொடுக்க வேண்டும். அதுவரையில் இனுயிட் மொழியான இனுக்டிடூட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மதிப்பீடு செய்வதையாவது நிறுத்தலாம். வீட்டுத் தரையில் அம்மா என்னென்ன செய்வார் என்று ஊரிலுள்ள மகளிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம். அவர் பேசாமல் இருப்பதைக் கோப்பில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதாமலும் இருக்கலாம்.