ஈரத் துணியும் வினையும்

சித்திரை வெயிலில் ஒரு பழைய அம்பாசிடர் சிக்னலில் நிற்கிறது. என்ஜின் குலுங்குகிறது, ‘மிஸ்’ அடிக்கிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஆஃப் ஆகிவிடுகிறது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறதே தவிர என்ஜின் பிடிப்பதில்லை. ஓரமாகத் தள்ளி நிறுத்திய பிறகு ஒருவர் பானெட்டைத் திறந்து பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றுகிறார். இன்னொருவர் கிளம்பிய நேரம் ராகுகாலமா என்று கணக்குப் பார்க்கிறார். மூன்றாமவர் எதிர்க்கடையில் தேங்காய் வாங்கி வந்து சிதறுகாய் போடுகிறார். அரைமணி கழித்துச் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடுகிறது. எதனால் கிளம்பியது? சிரித்துவிட்டுக் கடந்துபோகும் கேள்வியாகத் தோன்றினாலும், ஒரு துன்பத்துக்கு இன்னதுதான் காரணம் என்று எப்போது சொல்லலாம் என்ற பழைய தத்துவச் சிக்கல் முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. ஒரு பரிகாரத்துக்குப் பின் துன்பம் நீங்கியது என்பதால் மட்டும் அதன் காரணம் தெரிந்துவிட்டதாகாது. நம் சமயங்களின் தர்க்க மரபே இதைத்தான் சொல்கிறது என்பது என் வாதம்.

முதலில் அந்த அரைமணி நேரத்தைப் பார்ப்போம். 1489 சிசி என்ஜின் கொண்ட அம்பாசிடரில் பெட்ரோல் டேங்க் பின்புறம் இருக்கிறது. என்ஜினோடு ஒட்டியிருக்கும் மெக்கானிக்கல் பம்ப், அவ்வளவு தூரத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் திரவம் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். வெயிலும் என்ஜின் சூடும் சேர்ந்துகொண்டால் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகி, பம்ப் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். பழைய டிரைவர்களின் ஈரத் துணி வைத்தியம் இதற்குத்தான். ஆனால் இக்னிஷன் காயிலும் இதே நாடகத்தை ஆடும். உள்ளிருக்கும் கம்பிச் சுற்றின் காப்பு நைந்துபோன காயில் சூடேறினால் பொறியை விட்டுவிடும், ஆறினால் ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்யும். இரண்டும் வேறு வேறு கோளாறுகள், ஆனால் அடையாளம் ஒன்று, தீர்கிற விதமும் ஒன்று. அரைமணி ஓய்வு இரண்டையுமே தற்காலிகமாகக் குணமாக்கும் என்பதால் துணி சுற்றியவருக்கும் பெயர் கிடைக்கிறது, தேங்காய் உடைத்தவருக்கும் கிடைக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. வண்டி ஆறுவதற்குள் ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதன் நுனியை என்ஜினின் இரும்புக்கு அருகில் பிடித்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். நீலப் பொறி பளிச்சென்று பாய்ந்தால் காயில்மேல் குற்றமில்லை, பெட்ரோல் வரும் வழியைப் பார்க்கலாம். பொறி இல்லையென்றால் பம்பின்மேல் எத்தனை துணி சுற்றியும் பயனில்லை.

குலுங்கலும் இப்படித்தான் பல வேஷம் போடும். ஐட்லிங்கில் கார்ப்பரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும், அதன் பின்னால் உள்ள மேனிஃபோல்டில் வெற்றிடம் பலமாக இருக்கும். கேஸ்கெட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவையைக் கெடுக்கும். வேகம் எடுத்தால் கதவு திறந்து வெற்றிடம் குறையும், உள்ளே பாயும் பெருங்காற்றில் அந்தச் சிறு கசிவு காணாமல் போகும். அதனால் ஓட்டத்தில் ஒளிந்துகொள்ளும் குறை, ஓய்வில் வெளிப்பட்டுவிடுகிறது. ஸ்லோ ஜெட்டில் தூசி அடைத்தாலும், பாயிண்டின் இடைவெளி மாறினாலும், வால்வு சரியாக உட்காராவிட்டாலும் வெளியே தெரிவது அதே குலுங்கல்தான். அவசரக்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி ரேஸைக் கூட்டி வைத்தால் வண்டி நிற்காது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஓட்டை மட்டும் அங்கேயே இருக்கும். பொறுமையான மெக்கானிக் வேறு வழியில் போவார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்கு பிளக் ஒயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். ஒன்றைக் கழற்றியதும் என்ஜின் முன்னைவிட அதிகமாகத் தடுமாறினால் அந்த சிலிண்டர் இதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லையென்றால் படுத்துக்கிடப்பது அதுதான். பிறகு அதன் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பார். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்கைத் தூக்கி எறியலாம். அங்கேயே நின்றுவிட்டால் தேடலை அடுத்த படிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்த முறைக்கு இந்திய தர்க்கத்தில் பெயர் உண்டு. ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருப்பதைப் பார்ப்பது அன்வயம், ஒன்றை நீக்கும்போது மற்றொன்றும் இல்லாமல் போவதைப் பார்ப்பது வியதிரேகம். இரண்டும் சேர்ந்தால்தான் உறவு உறுதிப்படும். தமிழில் இதைக் காப்பியத்துக்குள்ளேயே வைத்த நூல் மணிமேகலை. அதன் 29ஆம் காதையில் பௌத்த ஆசானான அறவண அடிகள் மணிமேகலைக்குக் கற்பிக்கும் பாடத்தில் பெரும்பகுதி தர்க்கம்தான். எது சரியான ஏது (அனுமானத்துக்கான காரணம்), எது ஏதுபோலத் தோன்றும் போலி என்று அவர் வகைப்படுத்திக் காட்டுகிறார். 27ஆம் காதை அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பிரிக்கிறது. மேகத்தைக் கண்டு மழை வருமென்பது முதல். வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்ததென்பது எச்சம். மெக்கானிக்கின் வேலை முழுவதும் எச்சத்தைச் சேர்ந்தது, அதனால்தான் அது கடினம். காவிரியில் வெள்ளம் வந்தால் மேலே மழையென்று இன்று அடித்துச் சொல்ல முடியாது, மேட்டூரில் மதகைத் திறந்திருக்கலாம். விளைவிலிருந்து காரணத்துக்குப் போகும் பாதை எப்போதும் பல கிளைகளாகப் பிரிகிறது.

இங்கேதான் சார்வாகர் குறுக்கிடுவார். பத்து வண்டியில் கண்டது பதினோராவதிலும் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம், கண்ணால் கண்டதைத் தவிர எதையும் அறிவென்று ஏற்க முடியாது என்பார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. அனுமானத்தை ஏற்கும் நியாய மரபினரான நையாயிகர்களே இதன் வலுவை உணர்ந்திருந்தார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு, ஆனால் நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று திருப்பிச் சொல்ல முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை ஏது? புகைக்கு ஈர விறகு என்ற நிபந்தனையும் வேண்டும். இப்படி மறைந்திருக்கும் நிபந்தனையை அவர்கள் உபாதி என்றார்கள். சார்வாகருக்கு அவர்களில் ஒருவரான உதயனர் தந்த பதிலின் சாரம் இது: சந்தேகத்துக்கும் எல்லை உண்டு, சந்தேகிப்பவரின் சொந்த நடத்தையே அதைப் பொய்யாக்கும் இடத்தில் அது நின்றுவிடும். அனுமானத்தை நம்பாதவரும் பசித்தால் சோற்றைத்தான் தேடிப் போகிறார். ஆகவே அனுமானத்தைக் கைவிடத் தேவையில்லை, உபாதியைத் தேடிக்கொண்டே இருந்தால் போதும். நம் அம்பாசிடர் கதையில் உபாதி அந்த அரைமணி நேரம். அதை விட்டுவிட்டுத் தேங்காயையும் வண்டி கிளம்பியதையும் மட்டும் இணைப்பது பிழை. பரிசோதிக்காதவரை, துணியையும் வண்டி கிளம்பியதையும் இணைப்பதும் அதே பிழைதான்.

தேங்காயைக் கேலி செய்வது எளிது. வினையின் பெயரால் நாம் செய்வது இதைவிட நுட்பமானது. குழந்தைக்கு நோய், வியாபாரத்தில் நஷ்டம், விபத்து என்று எது வந்தாலும் ‘எல்லாம் வினை’ என்று முடித்துவிடுகிறோம். புத்தர் இதை மறுத்தார் என்பது பலருக்குத் தெரியாது. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகர் என்ற பரிவிராஜகர் (ஊர் ஊராகத் திரியும் துறவி), மனிதர் படும் இன்ப துன்பமெல்லாம் முன்செய்த வினையால்தானா என்று அவரிடம் கேட்கிறார். புத்தரின் பதில் எட்டுக் காரணங்களை அடுக்குகிறது: பித்தம், கபம், வாதம், மூன்றும் கலந்தது, பருவ மாற்றம், கவனக்குறைவான நடத்தை, பிறர் தாக்குதல், கடைசியாக வினைப்பயன். எல்லாமே வினை என்பவர்கள் தாங்கள் அறிந்ததையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்று அவர் முடிக்கிறார். வினையை முழுமையாக நம்பிய மரபு அதைப் பட்டியலில் எட்டாவது இடத்தில் வைத்திருக்கிறது.

சைவ சித்தாந்தி இதை ஏற்காமல் போகலாம். கேஸ்கெட் கிழிந்ததும் வினையின்படியே, வினை கருவிகளின் வழியாகத்தான் வந்து ஊட்டும், ஆகவே இரண்டும் உண்மையாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான வாதம்தான். ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். வினை எல்லா நிகழ்விலும் சமமாக இருக்கிறதென்றால், எந்த நிகழ்வையும் அது தனியே விளக்காது. ஓடும் வண்டியும் வினைப்படி ஓடுகிறது, நின்ற வண்டியும் வினைப்படி நிற்கிறது. நீக்கிப் பார்க்க முடியாத ஒன்றுக்கு வியதிரேகம் இல்லை, எங்கும் இருப்பது எதையும் பிரித்துக் காட்டாது. ஆக, வினைக் கொள்கை காரணம் உண்டு என்ற நம்பிக்கையைத் தருகிறது, காரணம் எது என்ற கேள்வியை நம்மிடமே விட்டுவிடுகிறது. அதையே விடையாக வைத்துக்கொள்பவர் ரேஸைக் கூட்டி வைத்துவிட்டு வண்டி சரியாகிவிட்டது என்பவரைப் போன்றவர்.

மனித வாழ்க்கை என்ஜின் அல்ல, ஒயரைக் கழற்றிப் பார்க்க முடியுமா என்ற மறுப்பும் உண்டு. முடியாதுதான். யாருடைய துக்கத்தையும் நான்கில் ஒன்றாகப் பிரித்துச் சோதிக்க இயலாது. ஆனால் சோதிக்க முடியாத இடத்தில் நமக்கு வர வேண்டியது அடக்கம். அங்கேதான் நாம் அதிக உறுதியோடு பேசுகிறோம், பிள்ளையை இழந்த தாயிடம் போன பிறவிப் பாவம் என்று சொல்லிவிட்டு வருகிறோம். ஒயரைக் கழற்றிப் பார்க்காத மெக்கானிக் காயிலை மாற்றச் சொன்னால் நாம் சண்டை போடுவோம். போன பிறவிப் பேச்சையோ தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறோம். சிதறுகாய்க்கும் ஒரு பங்கு இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. அது அவசரப்பட்டவர்களை அரைமணி நேரம் பொறுக்க வைத்தது. ஆறுதல் என்ற அளவில் அதற்கு மரியாதை உண்டு. நோய் நாடும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

எனவே வண்டி நின்றால் தேங்காய் உடைக்க விரும்புகிறவர் உடைக்கட்டும். ஆனால் என்ஜின் ஆறுவதற்குள் ஒருவர் பிளக் ஒயரைக் கழற்றிப் பொறி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆறிய பிறகு எல்லாக் காரணமும் ஒன்றுபோலத்தான் தெரியும்.