மனுவேல் வாங்கிய அடிகள்

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது ஒரு வாடிக்கையாளரின் வாயிலிருந்து. லண்டனுக்கு வந்த முதல் வருடம். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த என்னை, அன்று ஆள் காணாதென்று மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு பேர் இருந்த மேசை. அவர்கள் கேட்டது எனக்கு விளங்கவில்லை. 'சொறி' என்றேன். மறுபடி சொன்னார்கள். மறுபடியும் 'சொறி' என்றேன். (எங்கள் எழுத்தில் எழுதினால் அது வேறு கருத்தாகிவிடுகிறது, என்ன செய்ய.) வயதான ஒருவர் மற்றவர்களைப் பார்த்து 'மனுவேல்' என்றார். நாலு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன். போகும்போது ஐந்து பவுண்ஸ் ரிப்ஸ் வைத்துவிட்டுத்தான் போனார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாமலே நானும் கூடச் சிரித்துவைத்தேன்.

மனுவேல் யாரென்று காட்டித்தந்தவர் எங்கள் வீட்டில் இருந்த ஓர் அண்ணை. எண்பதுகளில் வந்தவர். ஆங்கிலத்தைத் தொலைக்காட்சி பார்த்தே பழகியவர். வேலை முடிந்து ஒரு மணிக்கு வந்த இரவொன்றில் 'ஃபோல்டி டவர்ஸ்' தொடரைப் போட்டுவிட்டார். பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசையில் 1975இல் ஆறு பகுதிகள், 1979இல் ஆறு பகுதிகள். மொத்தம் 12தான். ஆனால் 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் தயாரித்த நூறு சிறந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் முதலாம் இடம் அதற்குத்தான். எழுதியவர்கள் ஜோன் கிளீசும் கொனி பூத்தும். டோர்க்கி என்ற கடற்கரை நகரில் ஒரு சின்ன ஹோட்டல். அதன் முதலாளி பசில், தனக்கு மேலே இருப்பவர்களிடம் வளைந்து, கீழே இருப்பவர்களிடம் பாய்கிற மனிதர். அவருக்குக் கீழே கடைசியாக இருப்பவன் மனுவேல். பார்சிலோனாவிலிருந்து வந்த வெயிற்றர். சொன்னது விளங்காது. விளங்காததற்கு அடி. பிடரியில் அடி, தலையில் கரண்டியால் அடி, கண்ணில் விரலால் குத்து. அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. வந்தபிறகு ஒரு மாதிரி இருந்தது.

அடி வாங்குகிறவனைப் பார்த்துச் சிரிப்பது பிழையா? பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்த இரண்டு வருடத்தில் (அதற்குமேல் படிக்க விடவில்லை) பேர்க்சன் என்ற பிரெஞ்சுக்காரர் சிரிப்பைப் பற்றி 1900இல் எழுதிய நூலைப் பற்றி ஒரு விரிவுரை கேட்டிருக்கிறேன். சிரிக்கவேண்டுமானால் இரக்கம் கொஞ்சநேரம் மரத்துப்போகவேண்டும் என்பது அவருடைய கருத்து. பல்லுப் பிடுங்க ஊசி போடுவதுபோல என்று விரிவுரையாளர் விளக்கினார். அந்த ஊசியை யார் யாருக்குப் போடுகிறார்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்கிற வயதுமில்லை.

மனுவேலாக நடித்தவரின் கதையை வாசித்தபோதுதான் எனக்கு நித்திரை குழம்பியது. அன்ட்ரூ சாக்ஸ். பிறந்தது 1930இல், பேர்லினில். தகப்பன் யூதர், தாய் யூதரல்ல. 1938இல் ஒரு றெஸ்ரோறன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் தகப்பனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பிள்ளையின் கண்முன்னாலேயே. பொலிசில் தெரிந்த ஒருவர் தலையிட்டதால் அவர் வெளியே வந்தார். அந்த வருடமே லண்டனுக்குத் தப்பினார்கள். எட்டு வயதுப் பையன், தெரியாத பாஷை. மிச்சத்தை நான் எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆக, ஆங்கிலம் விளங்காத வெளிநாட்டானாக நடித்து ஒரு தேசத்தையே சிரிக்கவைத்தவர், ஆங்கிலம் விளங்காத அகதியாக வந்திறங்கியவர். அந்த வேடம் வந்தபோது சாக்ஸ் கிளீசிடம் ஒன்று கேட்டிருக்கிறார்: இந்த வெயிற்றரை ஜேர்மன்காரனாக நடிக்கட்டுமா என்று. ஸ்பானிய உச்சரிப்புத் தனக்குச் சரிவருமோ என்ற தயக்கம். ஸ்பானியன்தான் வேண்டும் என்றுவிட்டார்கள். அவர் தன் வீட்டுப் பாஷையை, தகப்பன் பேசிய ஆங்கிலத்தை, அடிவாங்கக் கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறார். அது மறுக்கப்பட்டதும் இன்னொருத்தனுடையதை இரவல் வாங்கினார். அந்த நாட்களில் இங்கே ஹோட்டல்களில் உண்மையான ஸ்பானியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். தொடர் தொடங்கியது 1975 செப்டெம்பரில். பிராங்கோ இறந்தது அந்த நவம்பரில். அந்தத் தொழிலாளர்களிடம் யாரும் இரவல் கேட்கவில்லை.

பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். தொடர் ஸ்பெயினுக்குப் போனபோது மனுவேலை இத்தாலியனாக்கிவிட்டார்கள். கற்றலான் மொழியில் அவன் மெக்சிக்கோக்காரன். ஒருத்தருக்கும் அவனைத் தங்கள் வீட்டில் வைத்திருக்க விருப்பமில்லை. பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டுத்தான் சிரிக்கிறார்கள்.

இந்தத் தொடரை விரும்புகிறவர்கள் ஒரு நியாயம் சொல்வார்கள். சிரிப்பு மனுவேலைப் பார்த்தல்ல, பசிலைப் பார்த்து. முட்டாள் அடிக்கிறவன்தான் என்று. 2020இல், 'ஜேர்மனியர்கள்' என்ற பகுதியை அதில் வரும் ஓய்வுபெற்ற மேஜர் பேசும் இனவாதச் சொற்களுக்காக ஓர் ஒளிபரப்பு நிறுவனம் இணையத்திலிருந்து சில நாள் எடுத்துவைத்தபோது, கிளீசும் இதையே சொன்னார்: அந்த மேஜரை நாங்கள் ஆதரிக்கவில்லை, பரிகாசம் செய்கிறோம் என்று. எழுத்தைப் பொறுத்தவரை அது சரி. பசிலைவிடப் பரிதாபமான ஆள் அந்தத் தொடரில் இல்லை. ஆனால் நான் வேலை செய்த இடங்களில் ஒரு வாடிக்கையாளராவது ஒரு முதலாளியைப் பார்த்து 'பசில்' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'மனுவேல்' என்று கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். எழுதியவர் எந்தப் பக்கம் குறிவைத்தாரோ, சிரிப்பு தண்ணீரைப்போலப் பள்ளத்துக்குத்தான் ஓடுகிறது.

அப்படியானால் சாக்ஸ் பிழைவிட்டாரா? இந்த இடத்தில் நான் தடுமாறுகிறேன். ஏனெனில் அந்த அடிகளை அவர் உடம்பால் வாங்கியிருக்கிறார். ஒரு பகுதியில் கிளீஸ் தாச்சியால் அடிக்கவேண்டும். உண்மையான உலோகத் தாச்சி, தவறி உண்மையாகவே பட்டது. இரண்டு நாள் தலையிடி. 'ஜேர்மனியர்கள்' பகுதியில் குசினி தீப்பிடித்து மனுவேல் புகை கக்கும் உடுப்போடு ஓடிவருவான். புகைக்காக உடுப்பில் பூசிய இரசாயனம் உள்ளே இறங்கித் தோலைச் சுட்டுவிட்டது. பி.பி.சி. 700 பவுண்ஸ் நட்டஈடு கொடுத்தது. ஹிட்லரைப்போல நடந்து பசில் ஜேர்மன் விருந்தினரை அழவைக்கும் அதே பகுதியில், ஹிட்லரிடமிருந்து தப்பிவந்தவர் எரிகாயப்பட்டார் என்பதைக் கதையில் எழுதினால் மிகை என்பார்கள். ஆனாலும் அவர் சம்மதித்து, சம்பளம் வாங்கி, ஒட்டுமீசையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனவர். எங்கள் மீசை கழராது. அதுதான் வித்தியாசம்.

சம்மதம் இல்லாத பகிடி எப்படியிருக்கும் என்பதையும் அவர் கடைசிக்காலத்தில் அனுபவித்தார். 2008இல் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் இரண்டு பிரபலங்கள் அவருடைய தொலைபேசியில் அவர் குடும்பத்தைப் பற்றி ஆபாசமாகப் பதிவுசெய்துவைத்து, அதை ஒலிபரப்பவும் செய்தார்கள். பி.பி.சி. 150,000 பவுண்ஸ் தண்டம் கட்டியது. அவருக்கு அப்போது 78 வயது. முப்பது வருடம் அடிவாங்கும் ஆளாகப் பார்த்த மனிதருக்கு வலிக்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

இருந்தும், அந்த 12 பகுதிகளையும் மறுபடி பார்த்தபோது முதல்தரம் காணாத ஒன்றைக் கண்டேன். மனுவேல் தன்னைத் தாழ்வாக நினைப்பதேயில்லை. சாக்ஸ் அவனுக்குக் கொடுத்தது அதைத்தான். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சரியாகச் செய்துவிடுவேன் என்ற முகத்தோடு வருகிறான். ஒரு பகுதியில் அவனுக்கு ஒரே ஒருநாள் 'பயேயா' சமைக்க அனுமதி கிடைக்கிறது. அதற்காகச் சமையற்காரனோடு கட்டிப்பிடித்துச் சண்டை போடுகிறான். எல்லோருக்கும் அது பகிடி. பதினொரு வருடமாக அடுத்தவன் சாப்பாட்டைக் காவுகிற எனக்கு அந்தச் சண்டை நன்றாக விளங்கும். கடைசிப் பகுதியில் அவன் ஓர் எலி வளர்க்கிறான். சைபீரிய ஹாம்ஸ்டர் என்று சொல்லிக் கடையில் ஏமாற்றி விற்றிருக்கிறார்கள். அதற்கு அவன் வைத்த பெயர் பசில். அடிக்கிறவனின் பெயரை, அன்பாக.

மனுவேலுக்கு வெளியே சாக்ஸ் நிறையச் செய்தார். 1980இல் எச்.ஜி. வெல்ஸின் மிஸ்டர் பொல்லியாகத் தொலைக்காட்சியில் நடித்தார். 2009இல் 'கொறொனேஷன் ஸ்ரீற்', 2015இல் 'ஈஸ்ற்எண்டர்ஸ்' தொடர்களில் கிழவராக வந்தார். விவரணப்படங்களுக்கு, மாசுமறுவற்ற ஆங்கிலத்தில், குரல் கொடுத்தார். எனக்குப் பிடித்தது 1978இல் வானொலிக்கு அவர் எழுதிய 'பழிவாங்கல்'. ஒரு சொல்கூட இல்லாத நாடகம். மூச்சும் காலடியும் தண்ணீரும் மட்டும். பாஷை தெரியாதவனாகப் பெயர்பெற்றவர், பாஷையே தேவைப்படாத ஒன்றை எழுதினார். 2016 நவம்பரில் இறந்தார். பத்திரிகைகள் எல்லாம் மனுவேல் இறந்தான் என்றே எழுதின.

இதையெல்லாம் நான் எழுத வெளிக்கிட்டது வேறொரு காரணத்தால். போன வருடம் எங்கள் குசினிக்கு வன்னியிலிருந்து ஒரு பெடியன் வந்தான். சமையற்காரர் அவசரத்தில் 'லேடில்' கொண்டுவா என்று கத்த, அவன் ஓடிப்போய்ப் பின்வளவிலிருந்து 'லேடர்' ஒன்றை, ஏணியை, தூக்கிக்கொண்டு வந்து நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். 'மனுவேல்' என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. அந்தப் பெயர் அவனில் ஒட்டிவிட்டது. 'மனுவேல் எண்டா என்ன அண்ணை?' என்று கேட்டான். அது ஒரு நடிகர் என்று சொல்லித் தப்பினேன்.

போன மாதம் அவன் தானே தேடிப் பார்த்திருக்கிறான். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கோப்பை கழுவும் மெசினுக்குள்ளிருந்து தட்டுகளை எடுத்தபடியே, 'அந்த எலிக் கதை முழுக்கப் பாக்கேல்லை. அதை அடிச்சுக் கொல்லேல்லைத்தானே?' என்றான். இல்லை, கடைசியில் பிஸ்கற் பெட்டிக்குள் இருந்து உயிரோடு எட்டிப்பார்க்கும் என்றேன். 'அப்ப சரி' என்றுவிட்டுத் தட்டுகளை அடுக்கினான். பெயரைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்தது. எட்டாம் மேசைச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.