எடைக்குப் போனதும் ஏலத்துக்குப் போனதும்

அக்கா மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்குத் திருத்துறைப்பூண்டி வந்தவன் கைபேசியை நீட்டி, "மாமா, இதப் பாருங்க" என்றான். இணையத்தில் பழைய சாமான்களை ஏலம் விடுகிற தளம் அது. 1938ஆம் வருசத்துக் கல்லூரி ஹாக்கி அணியின் குரூப் போட்டோ ஒன்று. ஆரம்ப விலை 3,500 ரூபாய். நடு நாற்காலியில் வெள்ளைக்காரப் பிரின்சிபால், பக்கத்தில் கேப்டன், காலடியில் கோப்பை. பின்வரிசையில் கோட்டுப் போட்டவர்கள். கீழே ஒவ்வொருத்தர் பேரும் இனிஷியலோடு, பலருக்குச் சாதிப் பட்டத்தோடு அச்சாகியிருக்கிறது. ஓரத்தில், படத்துக்குள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், முண்டாசு கட்டிய ஒரு ஆள் வெறுங்காலோடு மட்டைக் கட்டைச் சுமந்துகொண்டு நிற்கிறார். அவருக்குப் பேர் இல்லை. 'கிரவுண்ட் பாய்' என்று போட்டிருக்கிறது. ஆளுக்கு ஐம்பது வயசு இருக்கும். பாய்!

"இத யாருடா வாங்குவா?" என்றேன். "சேத்து வைக்கிறவங்க இருக்காங்க மாமா. அந்தக் கோப்பை மட்டும் இருந்தா இதைப் போல பத்து மடங்கு போவும்" என்றான்.

அவன் ஊருக்குப் போய்விட்டான். எனக்குத்தான் அது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு பழைய பொருளுக்கு விலை எங்கிருந்து வருகிறது? பித்தளையை எடை போடலாம். பேரை எந்தத் தராசில் போடுவது?

இந்த ஏலங்களில் பொருளை விட முக்கியம், அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்கிற சங்கிலி. நிலத்துக்கு மூலப்பத்திரம் கேட்கிற மாதிரிதான். சங்கிலி அறுந்தால் அது பழைய இரும்பு. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வயலில் நட்டு அறுத்த சனத்துக்கு மூலப்பத்திரம் ஏது? குடிசை போட்டிருந்த மண்ணே மிராசுதாருடையது. குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது. நிற்க இடமில்லாதவன் கோப்பையை எங்கே நிறுத்தி வைப்பான்?

அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் கதை நம்மில் பலருக்குத் தெரியும். 1936இல் ஹிட்லரின் பெர்லினில் நான்கு தங்கம் வாங்கியவர். அதற்கு முந்தின வருசம், 1935 மே 25 அன்று, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலகச் சாதனைகளை உடைத்து, ஒன்றைச் சமன் செய்தார். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஓடினார். அந்தப் பல்கலைக்கழக விடுதியில் அவர் தங்க முடியாது. கறுப்பர். ஓடுகிற கால் வேண்டும், படுக்கிற உடம்பு வேண்டாம். பெர்லினிலிருந்து திரும்பிய பிறகு, வயிற்றுப்பாட்டுக்காகப் பந்தயக் குதிரைகளோடு ஓடிக் காட்டினார். 1936இன் தங்கப் பதக்கம் என்பதே முலாம் பூசிய வெள்ளிதான். நம்ம ஊர் நகைக்கடையில் எடைக்குப் போட்டால் சில ஆயிரம் ரூபாய் தேறும். அந்த நாலில் ஒன்றை ஓவன்ஸ் தன் நண்பரான நடனக் கலைஞர் பில் ராபின்சனுக்குக் கொடுத்திருந்தார். ராபின்சனின் மனைவி வழியில் வந்தவர்கள் அதை 2013 டிசம்பரில் இணைய ஏலத்துக்கு விட்டார்கள். 14 லட்சத்து 66 ஆயிரம் டாலருக்குப் போனது.

இந்த விலையில் எவ்வளவு ஓட்டத்துக்கு, எவ்வளவு அவமானத்துக்கு? குதிரையோடு ஓடிய கதை இல்லாமல் இருந்திருந்தால் விலை குறைந்திருக்குமோ? எனக்கு நெருடுவது இதுதான். ஒரு காலத்தில் உள்ளே விடாததற்குக் காரணமாக இருந்த அடையாளம், இன்னொரு காலத்தில் விலையை ஏற்றிவிடுகிறது. வாங்குகிறவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பட்ட அடி ஒருத்தருக்கு, அதைச் சொல்லி விற்ற பணம் இன்னொருத்தருக்கு.

நம்ம பக்கத்துக் கதையைப் பார்ப்போம். பல்வங்கர் பாலு. சமார் சாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் மாதம் நாலு ரூபாய்ச் சம்பளத்துக்குத் தரையைச் சமன்படுத்துகிற வேலை. அவர்கள் மட்டை பிடித்துப் பழக இவர் பந்து போட வேண்டும். இவர் கையில் மட்டையைக் கொடுக்க மாட்டார்கள். பிறகு பூனா இந்துக்கள் ஜெயிக்க வேண்டும் என்று இவரை அணியில் சேர்த்தார்கள். மைதானத்தில் எல்லோரும் அதே பந்தைத்தான் தொட்டார்கள். டீ இடைவேளையில் மட்டும் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே மண் குவளை.

பந்துக்குத் தீட்டு இல்லை, பீங்கானுக்கு உண்டு!

1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தவர் இந்தப் பாலு. அவரைக் கேப்டன் ஆக்கவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலைத்தான் இந்துக்கள் அணிக்குக் கேப்டனாக்கினார்கள். (பாலுவே 1937 தேர்தலில் காங்கிரஸ் தரப்பில் நின்று பாபாசாகேப்பிடம் தோற்றார் என்பது தனிக்கதை. அதையும் மறைக்கக் கூடாது.) ஸ்கோர் எழுதுகிறவன் விக்கெட்டை எழுதித்தான் ஆக வேண்டும், அதனால் 114 என்ற எண் மிஞ்சியது. அந்த மண் குவளை எங்கே? குடித்ததும் உடைத்துப் போடுவதற்காகவே கொடுத்த குவளை அது. எந்த ஏலத்துக்கும் வராது. அந்த விளையாட்டின் முழு வரலாறும் அந்தக் குவளையில் இருந்தது என்கிறேன் நான்.

விற்கலாமா கூடாதா என்று ஒரு கேள்வி இருக்கிறது. கே.டி. ஜாதவ் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் பதக்கம். அவரை அனுப்பப் பணமில்லை என்றபோது, கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் அவர் படித்த காலத்துப் பிரின்சிபால் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். இப்படியும் ஒரு கல்லூரி இருந்தது. 2009இல் அரசு அவர் பெயரில் மல்யுத்தப் பயிற்சிக்கூடம் கட்டித் தருவதாகச் சொன்னது. கட்டவில்லை. 2017இல் மகன், பதக்கத்தை ஏலம் விட்டு நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்றார்.

இதைப் பற்றி ஒரு தோழரிடம் பேசினேன். "பதக்கம் மக்கள் சொத்து. சரக்காக்கலாமா?" என்று கொதித்தார். எனக்கு அது ஏறவில்லை. வீட்டில் அடுப்பு எரியாதபோது எவனும் வந்து 'இது மக்கள் சொத்து' என்று சொல்வதில்லை. விற்கப் போகும்போதுதான் சொல்கிறான். அதே நேரம், பணக்காரன் ஒருவன் வாங்கித் தன் அலமாரியில் பூட்டிக்கொண்டால் அது யாருக்கும் பாடமாகாது என்பதும் நிசம்தான். அந்த மகன் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. அவரிடம் விற்க ஒரு பொருளும், அது அவருடையதுதான் என்று சொல்ல ஒரு ஊரும் இருந்தது. என் யோசனையெல்லாம் அதுகூட இல்லாதவர்களைப் பற்றி.

என் சித்தப்பா எழுபதுகளில் அரிசன ஆஸ்டலில் தங்கி ஒரு கல்லூரியில் படித்தவர். கபடியில் பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்ப மாட்டார் என்பார்கள். அணி ஜெயித்தது. குரூப் போட்டோ எடுக்கிற நாளில், வெள்ளை ஷூ போட்டவன் மட்டும் வரிசைக்கு வரலாம் என்றார்கள். கபடி ஆடியது வெறுங்காலில். படம் எடுக்க ஷூ. சாதிப் பேச்சே இல்லை பாருங்கள்! சித்தப்பா வேப்பமரத்தடியில் நின்று பார்த்தாராம். ஆளுக்கொரு சின்னக் கோப்பையும் சர்ட்டிபிகேட்டும் மட்டும் கொடுத்தார்கள்.

கோப்பையைச் சித்தி ஒரு பஞ்ச வருசத்தில் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டு, ஈயப்பானை ஒன்று வாங்கினார். சர்ட்டிபிகேட் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் கீற்றுக்கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. பெட்டிக்குள் தண்ணீர். ரேசன் கார்டு, தாத்தாவின் ஒரே போட்டோ, சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரே கூழ். கீழ்வெண்மணியில் 1968இல் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன. குடிசையில் உயிரே மிஞ்சாத ஊரில் காகிதத்தைப் பற்றிப் புலம்புகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நம்ம வரலாறு ஏன் இல்லை என்று கேட்கிறவனுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: ஓட்டு வீடும் மச்சு வீடும் வைத்திருந்தவன் வரலாறு வைத்திருக்கிறான்.

"வித்துட்டோமேன்னு வருத்தமா சித்தி?" என்று கேட்டேன். "போடா. அந்தப் பானையிலதான் நீயும் கஞ்சி குடிச்ச" என்றார்.

அக்கா மகன் போன் செய்து, சித்தப்பா சொல்வதை எழுதி வைக்கச் சொன்னான். உட்கார்ந்தேன். தேதி நினைவில்லை, "சம்பா கதிர் வாங்குற நேரம்" என்கிறார். இறுதி ஆட்டத்தில் தாம் தொட்ட ஆட்களை வரிசையாகச் சொல்கிறார், யார் எந்தக் கால் வழுக்கி விழுந்தான் என்பது வரைக்கும். களத்தில் நின்ற ஏழு பேரில் ஆறு பேர் பெயர் எழுதியாயிற்று. அந்த ஆறு பேரில் படத்தில் நின்றவர்கள் மூணு பேர். ஏழாவது ஆளைப் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். ஆலத்தம்பாடிப் பக்கம் என்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் விசாரிக்கலாம் என்றிருக்கிறேன்.