ஒரே விமானத்தில் வந்த நால்வர்

தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயரும் குடும்பங்களில் பல, மே கடைசியிலோ ஜூனிலோ விமானம் ஏறுகின்றன. முழுப்பரீட்சை முடிந்து பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கியிருப்பார்கள். சாமான்களை விற்று, வாடகை வீட்டைக் காலி செய்து கொடுக்கவும் அதுவே தோதான நேரம். டொராண்டோவில் இறங்கினால் இரவு எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. குளிர், குளிர் என்று ஊரில் எல்லோரும் பயமுறுத்தி அனுப்பியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. வங்கிக் கணக்கு, சின் எனப்படும் ஒன்பது இலக்கச் சமூகக் காப்பீட்டு எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை, பஸ் அட்டை என்று முதல் சில வாரங்கள் ஓடிவிடும். ஒவ்வொன்றும் கைக்கு வரும்போது ஒரு படி ஏறியதாகத் தோன்றும். வாட்ஸ்அப்பில் நயாகரா படங்கள் ஊருக்குப் போகும்.

டிசம்பரில் அதே வீட்டின் முகம் மாறிவிடுகிறது. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். கொண்டுவந்த பணம் கரைந்துகொண்டிருக்கும். வீட்டில் ஒருவராவது, வாய்விட்டோ மனதுக்குள்ளோ, "வந்தது சரிதானா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்தக் கேள்வி அந்த மாதத்தில் எழுவதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்த் திரும்பிய 200 நார்வேக்காரர்களின் அனுபவத்தை ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் 1955இல் எழுதினார். ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்கள் அந்த நாட்டோடு ஓரளவு ஒத்துப்போயிருந்தார்கள். பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் அப்படியே. இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகம் தடுமாறியிருந்தார்கள். கலாச்சார அதிர்ச்சி என்ற கருத்தைப் பரவலாக்கிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க்கும் அதே பத்தாண்டில்தான் அதைப் பற்றிப் பேசினார். ஃபின்லாந்திலிருந்து கனடாவில் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். எப்போது கைகுலுக்க வேண்டும், எவ்வளவு டிப்ஸ் வைக்க வேண்டும், யார் சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பன போன்ற சின்னச் சின்ன அடையாளங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போவதுதான் அந்த அதிர்ச்சிக்குக் காரணம் என்றார். ஜூனில் இறங்கிய குடும்பத்துக்கு ஆறாவது மாதம் டிசம்பரில் வருகிறது. மனம் சோரும் காலமும் வெளிச்சம் குறையும் காலமும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

எல்லோருக்கும் இதே வரிசைதான் என்றும் சொல்லிவிட முடியாது. நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைப் பற்றி 1998இல் வெளிவந்த ஆய்வில், வந்து இறங்கிய முதல் நாட்களிலேயே மனச்சோர்வு மிக அதிகமாக இருந்தது தெரிந்தது. தொடக்கத்தில் எல்லாம் இனிக்கும் தேனிலவுக் காலம் என்று ஒன்று அவர்களுக்கு வாய்க்கவே இல்லை. இந்த ஆய்வுகளெல்லாம் தனி ஆட்களைப் பற்றியவை. படிக்கப் போனவர், பாதி மனதை ஊரில் வைத்துவிட்டுத் திரும்பி வரும் தேதி தெரிந்து போனவர். ஒரு குடும்பத்தின் கதை அவ்வளவு நேராகப் போவதில்லை. நான்கு பேர் ஒரே விமானத்தில், ஒரே வரிசை இருக்கைகளில் வருகிறார்கள். ஆனால் நால்வரும் அந்த நாட்டுக்கு வந்து சேர்வது வெவ்வேறு நாளில். ஒருவர் மேலே ஏறும் மாதத்தில் இன்னொருவர் கீழே இறங்கிக்கொண்டிருப்பார். முதல் வருடத்தில் ஒரே கூரையின் கீழ் நடக்கும் சண்டைகளில் பெரும்பங்கு இந்த வேகக் கோளாறால் வருவது.

கோளாறு புறப்படும் முன்பே, விண்ணப்பத்திலேயே தொடங்கிவிடுகிறது. 2015 ஜனவரியில் கனடா கொண்டுவந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்ற முறையில், மணமானவர் விண்ணப்பித்தால் வயது, படிப்பு, மொழித் தேர்ச்சி, கனடாவில் வேலை பார்த்த அனுபவம் ஆகியவற்றுக்கு முதன்மை விண்ணப்பதாரர் 460 மதிப்பெண் வரை பெறலாம். வாழ்க்கைத் துணைக்கு உச்சம் 40. பிள்ளைகளுக்கு எதுவும் கிடையாது. யார் பெயரில் போட்டால் மதிப்பெண் கூடுமோ அவர் பெயரில் விண்ணப்பம் போகிறது. பல வீடுகளில் அது மனைவியின் பெயர். ஊரில் மேலாளராக இருந்த கணவர், காகிதத்தில் அவருடைய துணையாக வந்து இறங்குகிறார். காகிதம் காகிதம்தான் என்று இருவரும் சொல்லிக்கொள்வார்கள். மனைவிக்கு முதலில் வேலை கிடைத்து, கணவர் சமையலறையில் குக்கருக்குக் காவல் நிற்கும்போது அந்தப் பேச்சு அவ்வளவு எளிதாக வராது.

வேலை தேடும் கதையைச் சொல்லாமல் முதல் வருடத்தைச் சொல்ல முடியாது. 2025 கணக்குப்படி, வேலை உறுதி இல்லாமல் குடியேறும் நால்வர் குடும்பம் 28,000 டாலருக்கு மேல் கையிருப்பு காட்ட வேண்டியிருந்தது. டொராண்டோவில் வீடு எடுக்கும்போதே முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் அதிலிருந்து போய்விடும். கடன் வாங்கித் திருப்பிய வரலாறு அந்த நாட்டில் இல்லாததால் வீட்டுக்காரர் இன்னும் பல சான்றுகள் கேட்பார். இதனால்தான் புதிதாக வந்தவர்கள் கொத்தமல்லிக் கட்டின் விலையைக்கூட அறுபதால் பெருக்கிப் பார்க்கிறார்கள். டாலரில் சம்பளம் வரும் வரை அந்தப் பெருக்கல் ஓயாது. அதைக் கஞ்சத்தனம் என்று பழையவர்கள் கேலி செய்யக் கூடாது. அது பயம்.

அனுப்பிய விண்ணப்பங்களுக்குப் பதில் வராது. வந்தாலும் "கனடிய அனுபவம் உண்டா?" என்ற கேள்வியோடு வரும். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று யாரிடம் போய்ச் சொல்வது? இப்படிக் கேட்பது பாகுபாடு ஆகலாம் என்று, டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் மனித உரிமை ஆணையம் 2013இலேயே கொள்கை வெளியிட்டது. அந்த மாகாணத்தில் பொறியாளர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு இந்த நிபந்தனையைக் கைவிட 2023 மே வரை ஆனது. வேலை விளம்பரங்களில் கனடிய அனுபவம் கேட்கக் கூடாது என்ற சட்டம் 2026 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் எத்தனை பேர் கிடங்குகளில் பெட்டி தூக்கிவிட்டார்கள்! வெளிநாட்டில் பட்டம் பெற்ற குடியேறிகளில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர், பள்ளிப் படிப்பே போதுமான வேலைகளில் இருப்பதாக 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. இரவு ஷிப்டு முடிந்து காலை ஏழு மணிக்கு வந்து படுக்கும் ஒருவர், தன் பெயருக்குப் பின்னால் எம்.இ. என்று போடுவதை மெல்ல நிறுத்திவிடுகிறார். இப்படிப்பட்ட வேலையைச் 'சர்வைவல் ஜாப்' என்று லேசாகச் சொல்லிக் கடந்துபோகிறார்கள். லேசான விஷயம் இல்லை.

வேலை கிடைத்தவருக்கு ஒரு நாடு கிடைத்துவிடுகிறது. சக ஊழியர்கள், காபி இடைவேளை, திங்கட்கிழமை நலம் விசாரிப்பு, போகவர ஒரு ரயில். வீட்டில் இருப்பவருக்கு அந்த நாடு சன்னலுக்கு வெளியே தெரியும் ஒரு தெரு மட்டுமே. ஊரில் பால்காரர், அயர்ன்காரர், எதிர்வீட்டு அக்கா என்று ஒரு காலைப் பொழுதுக்குள் பத்துப் பேரிடம் பேசியவர், இங்கே மாலை வரை வாய் திறக்காமல் இருக்க நேர்கிறது. இவர்களைப் போன்ற புதியவர்களுக்காக 1992 முதல் மத்திய அரசின் செலவில் லிங்க் என்ற இலவச மொழி வகுப்புகள் நடக்கின்றன. பல இடங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் உண்டு. "எனக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே" என்று தமிழ்நாட்டுப் பட்டதாரிகள் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. போனால் இலக்கணத்தைவிடப் பெரிய ஒன்று கிடைக்கும்: தன்னைப் போலவே தத்தளிக்கும் ஒரு சிரியாக்காரியும் ஒரு கொலம்பியாக்காரரும் பக்கத்து நாற்காலியில்.

இனி பிள்ளைகள். பெற்றோர் மிக எளிதாகத் தவறாகக் கணக்கிடும் இடம் இது. பள்ளியில் வயதைப் பார்த்து வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். சின்னக் குழந்தைகள் சிலர் பல வாரங்கள், சில சமயம் மாதக்கணக்கில், வகுப்பில் வாயே திறப்பதில்லை. வீட்டில் வாயாடியாக இருந்த பிள்ளை ஊமையாகிவிட்டதே என்று தாய் கலங்குவார். புது மொழிக்குள் நுழையும் குழந்தைகளிடம் ஆசிரியர்கள் அடிக்கடி காணும் மௌனம்தான் அது. பெரும்பாலான குழந்தைகள் அந்த நாட்களில் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு திடீரென்று பேசத் தொடங்கி, ஒரு வருடத்துக்குள் கனடிய உச்சரிப்பில் அப்பாவின் ஆங்கிலத்தைத் திருத்தும் அளவுக்குப் போய்விடுவார்கள். அவன் செட்டில் ஆகிவிட்டான் என்று குடும்பம் மகிழ்கிறது. இங்கேதான் ஜிம் கம்மின்ஸ் சொன்னதை நினைவில் வைக்க வேண்டும். அயர்லாந்தில் பிறந்து கனடா வந்த இந்தக் கல்வியாளர், டொராண்டோ பள்ளிகளில் படித்த குடியேறிகளின் பிள்ளைகளைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்து 1981இல் எழுதினார். விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப் புத்தகத்தை வாசித்து, வாதிட்டு, கட்டுரை எழுதும் ஆங்கிலத்தில் சக மாணவர்களை எட்டிப் பிடிக்கச் சராசரியாக ஐந்து முதல் ஏழு வருடம் ஆகிறது.

சரளமாகப் பேசும் பிள்ளை அறிவியலில் மதிப்பெண் குறைந்தால் சோம்பல் என்று திட்டு விழுகிறது. அது நியாயமே இல்லை. கம்மின்ஸ் பல பத்தாண்டுகளாக வலியுறுத்தும் இன்னொன்றும் உண்டு. வீட்டு மொழி வலுவாக இருந்தால் இரண்டாம் மொழியும் வலுப்படும். பள்ளிக்காக வீட்டில் தமிழை நிறுத்தும் பெற்றோர், பிள்ளைக்கு உதவி செய்வதாக நினைத்து ஒரு கைப்பிடியை உருவிவிடுகிறார்கள். டொராண்டோ நூலகக் கிளைகள் சிலவற்றில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. பள்ளி வாரியங்கள் இலவசத் தமிழ் வகுப்புகள் நடத்துகின்றன. இவையெல்லாம் தானாக வந்தவை அல்ல.

ஈழத்தமிழர்கள் தந்தவை அவை. 1983 ஜூலையில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்ப ஓடி வந்தவர்களுக்கு மதிப்பெண்ணும் இல்லை, கையிருப்பும் இல்லை. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். அந்தத் தலைமுறையில் பலர் தனியாகத்தான் வந்தார்கள். கணவர் முதலில், மனைவியும் பிள்ளைகளும் பல வருடம் கழித்து. குடும்பத்தின் முதல் வருடம் தொடங்கும்போது, படத்திலும் தொலைபேசிக் குரலிலும் மட்டுமே அறிந்த ஒருவரை 'அப்பா' என்று அழைக்கப் பிள்ளைகள் பழக வேண்டியிருந்தது. பெற்றோருக்கு ஆங்கிலம் போதாத வீடுகளில் பத்து வயதுப் பிள்ளை டாக்டரிடமும் வங்கியிலும் மொழிபெயர்த்தது. தாயின் நோயைத் தாய்க்கே மொழிபெயர்த்துச் சொல்லும் சுமையைக் குழந்தையின் தலையில் வைக்கக் கூடாது. பெரிய மருத்துவமனைகளில் கேட்டால் மொழிபெயர்ப்பாளருக்குத் தொலைபேசியிலாவது ஏற்பாடு செய்கிறார்கள். கேட்க வேண்டும், அவ்வளவுதான். இன்று டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இறங்கிய மறுநாளே முருங்கைக்காய் வாங்க முடிகிறதென்றால், அந்தக் கடைகளின் பின்னால் இந்தத் தலைமுறையின் கடுமையான முதல் வருடங்கள் இருக்கின்றன. புதிதாக வரும் தமிழ்நாட்டுக்காரர்கள் அதை அறிந்துகொள்வது நல்லது.

விமானம் ஏறாதவர்களும் இந்த வருடத்தை வாழ்கிறார்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு, பேரப்பிள்ளை பள்ளிக்குப் போகும் நேரம் மாலை ஆறு மணி. கோடையில் ஒன்பதரை மணி நேரமாக இருக்கும் வித்தியாசம் நவம்பரில் பத்தரை ஆகிறது. வீடியோ அழைப்பில் பனி தெரியும், புது ஜாக்கெட் தெரியும். பேஸ்மென்ட்டின் தாழ்ந்த கூரை தெரியாதபடி போனைச் சாய்த்துப் பிடிப்பார்கள். அந்தப் பக்கத்திலும் அம்மா தன் சர்க்கரை அளவைச் சொல்ல மாட்டார். இரு தரப்பும் அன்பினால் மறைக்கிறார்கள். விளைவு, ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருந்திருக்கக்கூடியவர்கள் தனித்தனியாகக் கவலைப்படுகிறார்கள். அழைத்துக்கொள்ளலாம் என்றால், பெற்றோரை நீண்ட காலம் தங்கவைக்கும் சூப்பர் விசாவுக்கு வருமானச் சான்றும் தனியார் மருத்துவக் காப்பீடும் வேண்டும். வந்த வருடத்தில் பலரிடம் அந்த வருமானம் இருப்பதில்லை.

"வந்தது சரிதானா?" என்ற கேள்விக்கு முதல் வருடத்தில் விடை தேடுவது வீண். வரவேற்ற அரசே அவ்வளவு அவசரப்படவில்லை. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் அதைக் காத்துக்கொள்ள ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்தால் போதும். புதியவர்கள் எப்படி நிலைபெறுகிறார்கள் என்று அறிய, 2000-2001இல் வந்தவர்களை கனடா புள்ளியியல் துறை ஆறு மாதத்திலும் இரண்டு வருடத்திலும் நான்கு வருடத்திலும் தேடிப் போய்க் கேட்டது. ஒரு தடவை கேட்டால் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குடும்பங்கள் மட்டும் பன்னிரண்டு மாதத்துக்குள் தீர்ப்பு எழுதத் துடிக்கின்றன. தங்குவதா திரும்புவதா என்பதை இரண்டாம் வருடக் கடைசியில் பேசினால் நால்வரும் அந்தப் பேச்சில் இருப்பார்கள். முதல் டிசம்பரில் பேசினால், அப்போது யார் அதிகம் களைத்திருக்கிறாரோ அவர் குரல் மட்டுமே கேட்கும். திரும்பி வருவதும் தோல்வி அல்ல. அதற்கும் நால்வரின் சம்மதம் வேண்டும்.

கனடாவிலோ வேறு நாட்டிலோ முதல் வருடத்தில் இருக்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால், வேலை கிடைத்ததா, வீடு வாங்கியாயிற்றா என்று கேட்பதைச் சில மாதம் ஒத்திப்போடுங்கள். போனை எடுத்தவரிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாதீர்கள். வீட்டில் அதிகம் பேசாமல் இருப்பவர் யார் என்று விசாரித்து, அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.