தேவாலயம் நகர்ந்தது, மான்வழி?

2025 ஆகஸ்டில் ஸ்வீடனின் வடகோடியில் ஒரு தேவாலயம் சாலையில் ஊர்ந்து போனது. கிருனா நகரத்தில் 1912இல் கட்டி முடித்த மரக் கட்டடம், எடை 672 டன். அந்தப் பகுதியின் தொல்குடிகளான ஸாமி மக்களின் குடிலை நினைவூட்டும் கூரை அதற்கு. நகருக்கு அடியில் இரும்புத் தாதுவை வெட்ட வெட்ட மேலே நிலம் உள்வாங்குகிறது. அதனால் நகரத்தையே பெயர்த்து வைக்கிறார்கள். சுரங்கத்தை நடத்தும் எல்கேஏபி என்ற அரசு நிறுவனத்தின் செலவில், இரண்டு நாளில் சுமார் 5 கிலோமீட்டர் பயணம். அதைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டினார்கள்.

உலோகத் தொழிலுக்கு இப்படிப்பட்ட காட்சிகள் இன்று தேவைப்படுகின்றன. புகை, சாம்பல், தோண்டிப் போட்ட மலை என்றே அந்தத் தொழிலை மக்கள் அறிவார்கள். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 7 விழுக்காடு இரும்பு உருக்குத் தொழிலிலிருந்து வருகிறது. ஊதுலையில் ஒரு டன் உருக்கு ஆக்கினால் ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு வெளியேறும். தாதுவில் இரும்போடு பிணைந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க நிலக்கரியிலிருந்து வந்த கோக்கை எரிப்பதால் வரும் வினை அது. அந்த வேலையை ஹைட்ரஜனிடம் கொடுத்தால் கரியமில வாயுவுக்குப் பதில் நீராவிதான் வரும். எல்கேஏபி, உருக்கு நிறுவனமான எஸ்எஸ்ஏபி, மின் நிறுவனமான வாட்டன்ஃபால் மூன்றும் 2016இல் கைகோத்து இம்முயற்சியைத் தொடங்கின. 2020இல் லூலியோ நகரில் சோதனை ஆலை ஓடியது. 2021இல் நிலக்கரி இல்லாமல் ஆக்கிய முதல் உருக்கு வோல்வோ நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இது விளம்பரத்துக்காகக் கட்டிய கதையல்ல, அரிய சாதனை.

இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நற்பெயருக்காகச் செய்யும் நன்மையை அறம் என்று ஏற்கலாமா?

ஏற்கலாம் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. புகழை விரும்பிக் குளம் வெட்டினாலும் அதன் தண்ணீர் தாகம் தீர்க்கும். உலைக்கு அருகில் வாழும் குழந்தையின் நுரையீரல், புகை குறைந்ததா என்றுதான் அறியும். முதலாளியின் உள்நோக்கத்தை அறியாது. ஆனால் புகழுக்காக வெட்டுகிறவர் பெருவழியோரமாகப் பார்த்துத்தான் குளம் வெட்டுவார். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருப்பவர்களின் தாகம் அவர் கணக்கில் ஏறாது. பேருக்குச் செய்யும் நன்மையின் குறை, அது பொய் என்பதில்லை. பார்வையாளர் கண் எட்டும் தூரத்தோடு அது நின்றுவிடுகிறது.

உருக்கை வாங்குபவர் கண்ணுக்கு எட்டுவது கரிக் கணக்கு, அதாவது கரியமில வாயுவின் அளவு, மட்டுமே. அந்தக் கணக்கிலும் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. பழைய ஊதுலையிலேயே சிறு மாற்றங்கள் செய்து ஆலை முழுவதிலும் கொஞ்சம் கரியை மிச்சப்படுத்துவார்கள். அந்த மிச்சம் முழுவதையும் கூட்டி, உற்பத்தியில் ஒரு பங்கின் பேரில் எழுதி, அந்தப் பங்கை மட்டும் பசுமை உருக்கு என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். பத்துப் படி பாலிலும் கொஞ்சம் தண்ணீரைக் குறைத்துவிட்டு, அதில் ஒரு படியைக் கலப்பில்லாத பால் என்று விற்பது போன்றது இது. கூட்டிக் கழித்தால் கணக்கு சரியாக வரும். அந்தப் பணம் அடுத்த உலையை மாற்றவும் உதவலாம். ஆயினும் அந்தப் படியிலும் தண்ணீர் இருக்கத்தான் செய்கிறது. வாங்குபவர் தவறாகப் புரிந்துகொள்வார் என்று தெரிந்தும் திருத்தாமல் விடுவதைப் பொய்யோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

கரியையாவது எண்ணிவிடலாம். எண்ணில் அடங்காத இழப்பு கிருனாவின் ஓரத்தில் நடக்கிறது. ரெயின்டீர் என்னும் பனிமான் வளர்ப்பு ஸாமி மக்களின் வாழ்வு. நார்வே எல்லையை ஒட்டிய மலைகளிலிருந்து குளிர்கால மேய்ச்சல் காடுகளுக்கும், மறுபடி மலைக்கும் மந்தைகள் ஆண்டுதோறும் போய்வருகின்றன. கப்னா என்ற ஸாமி சமூகத்தின் மான்வழி, நகரமும் சுரங்கமும் பரவியதில் ஏற்கெனவே ஒடுங்கிவிட்டது. 2023 ஜனவரியில், கிருனாவை ஒட்டிய பெர் கெய்யர் படிவில் அரிய மண் தனிமங்கள் பெருமளவில் இருப்பதாக எல்கேஏபி அறிவித்தது. மின் வாகனத்துக்கும் காற்றாலைக்கும் வேண்டிய காந்தங்கள் அவற்றிலிருந்து வருபவை. அங்கே சுரங்கம் வந்தால் மிச்சமிருக்கும் வழியும் துண்டாகும் என்கிறார்கள் மான் வளர்ப்போர்.

புவி சூடாவதை அவர்கள் சிறிதாக நினைக்கவில்லை. உறைபனி நடுவே மழை பெய்து, மேய்ச்சல் பாசி பனிக்கட்டிக்கு அடியில் அடைபடும்போது பட்டினி கிடப்பவை அவர்களுடைய மான்கள்தாம். நோயும் அவர்களையே தாக்குகிறது, மருந்துக்கான விலையும் அவர்களிடமே கேட்கப்படுகிறது. பலருக்கு நன்மை என்பதால் சிலரிடம் இழப்பைக் கேட்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. கேட்கலாம்தான். ஆனால் மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் கேட்பது கேட்பதாகாது. சுரங்கத்தின் வரைபடம் முடிவான பின்பு நடத்தும் கலந்தாய்வை, ஒப்புதல் என்று அறிக்கையில் அச்சிடக் கூடாது. உருக்கோடு போகும் சான்றிதழில் கரிக் கணக்குக்குப் பக்கத்தில், எந்த மண்ணிலிருந்து தாது வந்தது, அந்த மண்ணின் மக்கள் சம்மதித்தார்களா, மறுத்தார்களா என்ற வரியும் இருக்க வேண்டும். அந்த வரியை வாங்குபவர் கேட்டுப் பெற வேண்டும்.

தேவாலயத்தைப் பெயர்க்கச் சாலையை அகலப்படுத்தினார்கள், பாலத்தை அகற்றினார்கள், ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டார்கள். செய்ய வேண்டிய மரியாதைதான். அந்தக் கூரைக்கு வடிவம் தந்த குடில்களின் மக்களுக்கு, மந்தை நடந்துபோக ஒரு நிலத்துண்டு வேண்டும். அதைத் தூக்கி வேறிடத்தில் வைக்கும் வண்டி இல்லை.