போர்வைக்குள் நுழையக் கற்றுக்கொள்

எழுந்திரு தம்பி. எழுந்திரு தங்கச்சி. மணி 8 ஆகப்போகிறது, ஜன்னலுக்கு வெளியே இன்னும் சரியாக விடியவில்லை என்று எனக்கும் தெரியும். டிசம்பர் 21 அன்று டொரன்டோவில் பகல் 9 மணி நேரம்கூட இல்லை. லண்டனில் 8 மணி நேரத்துக்கும் குறைவு. ஒஸ்லோவில் 6 மணி நேரம் தேறாது. அதே நாளில் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் 11 மணி நேரத்துக்கு மேல் பகல் இருக்கிறது. அந்த வெளிச்சத்தில் இருபது, இருபத்தைந்து வருஷம் வளர்ந்த உடம்பை ஒரு பெட்டியோடு விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டு, "எதிலும் மனசு ஒட்டவில்லையே, நான் சோம்பேறியாகிவிட்டேனா" என்று உன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாய். அந்தத் திட்டை இன்றோடு நிறுத்து.

சோம்பேறி கடன் வாங்கிக் கடல் தாண்டி வரமாட்டான். சோம்பேறி பகலில் வகுப்பும் இரவில் கிடங்கு வேலையுமாக, இரண்டு பஸ் மாறி, காது விறைக்க நின்று பிழைக்கமாட்டான். உன்னிடம் குறைந்திருப்பது வீரம் இல்லை. வெளிச்சம் குறைந்திருக்கிறது, சாப்பாடு குறைந்திருக்கிறது, பேச ஆள் குறைந்திருக்கிறது. இந்த மூன்றையும் சம்பாதிக்க முடியும்.

நார்மன் ரோசந்தால் என்று ஒரு மனநல மருத்துவர். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் வெயிலில் வளர்ந்தவர். 1976இல் நியூயார்க்குக்கு மேற்பயிற்சிக்குப் போனார். குளிர்காலம் வந்ததும் வேலை ஓடவில்லை, உற்சாகம் வடிந்துபோயிற்று. வசந்தம் வந்ததும் எல்லாம் திரும்பி வந்தது. அவர் தன்னைச் சோம்பேறி என்று முடிவு கட்டவில்லை. இது ஏன் என்று கேட்டார். 1984இல் அவரும் சக ஆய்வாளர்களும் பருவகால மனச்சோர்வு என்ற நோயை மருத்துவ உலகத்துக்கு விவரித்தார்கள். வெளிச்சத்தையே மருந்தாகக் கொடுக்கலாம் என்றும் காட்டினார்கள். தன் சோர்வை அவமானமாக நினைத்து மூடி மறைத்திருந்தால் அவரும் ஒரு களைத்துப்போன மருத்துவராகத்தான் இருந்திருப்பார். கேள்வி கேட்டதால் வழி கண்டுபிடித்தார்.

இப்போது நம் ஊர்க்காரர் ஒருவரிடம் வருகிறேன். அவரைப் பற்றி உனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பாதிக் கதை.

சீனிவாச ராமானுஜன். பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில். வருஷத்தின் மிகக் குறுகிய பகலையொட்டிப் பிறந்த மனிதர். 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி, ஏப்ரலில் இங்கிலாந்து போய் இறங்கினார். கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் ஹார்டியோடு சேர்ந்து அவர் செய்த கணக்குகளைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். அவர் அங்கே எப்படித் தூங்கினார் என்று யாரும் சொல்வதில்லை.

பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தை என்று பெயரெடுத்த மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒருநாள் ராமானுஜனைப் பார்க்கப் போனவர், ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். தாங்கவில்லை, ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு சால்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லையோ என்று படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார் மகலனோபிஸ். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஒன்றுக்கு மேல் ஒன்றாக விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தது. அந்த ஊர் வழக்கம் அது. செருகியதை இழுத்துவிட்டு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே படுத்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

எண்களின் அந்தரங்கம் தெரிந்தவருக்குப் போர்வைக்குள் போகும் வழி தெரியவில்லை. சிரிக்காதே. பாயில் படுத்து வளர்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? எனக்கு உறுத்துவது அவர் யாரிடமும் கேட்காததுதான். அறையைச் சுத்தம் செய்ய வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றிரவே முடிந்திருக்கும். மகலனோபிஸ் தானாகக் கேட்டார், எப்படி நுழைவது என்று காட்டினார். ராமானுஜன் நெகிழ்ந்துபோனாராம். எத்தனை இரவு நடுங்கிய பிறகு அந்தக் கேள்வி வந்தது!

சாப்பாடும் அப்படித்தான். சுத்த சைவம், தன் கையால் சமைத்தால்தான் சாப்பாடு. 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டதும் அவருக்கு ஏற்ற பொருள்கள் கிடைப்பது கஷ்டமாயிற்று. வேலை மும்முரத்தில் நேரம் காலம் பார்க்காமல் விழித்திருப்பார், பசித்தபோது எதையோ சமைப்பார். ஊரில் அவர் அம்மாவுக்கும் மனைவிக்கும் இருந்த மனக்கசப்பில் வீட்டுக் கடிதங்களும் குறைந்துபோயின. 1917இல் படுத்துவிட்டார். ஒரு சானடோரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். காசநோய்க்குத் திறந்த காற்று நல்லது என்ற நம்பிக்கையில் அங்கே அறைகளைக் குளிரவிட்டே வைத்திருப்பார்கள். மேட்லாக் சானடோரியத்தில் இருந்தபோது அவர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால் நெஞ்சு அடைக்கும். குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறது, தினமும் பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒரு மணி நேரம் எழுதப்போகிறேன் என்கிறார்.

1918 தொடக்கத்தில் லண்டனில் சுரங்க ரயில் தண்டவாளத்தில் குதித்தார். ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டு விசையை இழுத்ததால் வண்டி சில அடி தள்ளி நின்றது. அதே 1918இல்தான் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி வந்தது, டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ பதவியும் வந்தது. 1919 மார்ச்சில் ஊர் திரும்பினார். 1920 ஜனவரியில், படுக்கையில் கிடந்தபடி, மாக் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பை ஹார்டிக்கு எழுதினார். இன்றுவரை கணிதக்காரர்கள் அதைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வண்டி நிற்காமல் போயிருந்தால் அது இல்லை. எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்த நாளுக்கு அப்புறம்தான் அவருடைய மிகப்பெரிய வேலைகளில் ஒன்று பிறந்தது. இதை நெஞ்சில் எழுதிவைத்துக்கொள்.

1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32. அவருடைய நோய்க் குறிப்புகளைப் பின்னாளில் ஆராய்ந்த டி.ஏ.பி. யங் என்ற மருத்துவர், அது காசநோயே இல்லை, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம், சரியாகக் கண்டுபிடித்திருந்தால் அந்தக் காலத்திலேயே குணப்படுத்தியிருக்கலாம் என்றார். உடம்பை மறந்து உழைத்ததால் அவர் மேதை ஆனார் என்று நம்மவர்கள் மேடையில் கைதட்டு வாங்குவார்கள். பச்சைப் பொய். அவர் மேதையாகவேதான் கப்பலேறினார். உடம்பைக் கவனிக்க ஆளில்லாததால் நாம் அவரை இழந்தோம்.

இப்போது உன் விஷயம். அம்மா போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். "சாப்பிட்டேம்மா" என்கிறாய். சாப்பிட்டது நேற்றுச் செய்த நூடுல்ஸ். "குளிருதா?" "இல்லம்மா, ஹீட்டர் இருக்கு." ஹீட்டர் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது, நீ பேஸ்மென்ட்டில் ஜாக்கெட்டோடு படுத்திருக்கிறாய். இந்தப் பொய்க்கு வீட்டைக் கவலைப்படுத்தாத பாசம் என்று பெயர் வைத்திருக்கிறாய். சரி, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். பக்கத்து அறைக்காரனிடம் சொன்னாயா? கல்லூரி ஆலோசகரிடம்? கூட வேலை பார்க்கும் அக்காவிடம்? யாரிடமும் சொல்லவில்லை என்றால் அது பாசம் இல்லை தம்பி, கௌரவம். "சமாளிச்சுக்கிறேன்" என்ற ஒரு சொல்லால் நம்மில் எத்தனை பேர் நடுங்கிக்கொண்டு கிடக்கிறோம்! கேட்டவன் கெட்டுப்போனதாக ஊரில் கதை உண்டா? வெட்கத்தைக் கழற்றி மூலையில் போடு. கேள்.

வெளிச்சத்திலிருந்து தொடங்கு. வீட்டுக்குள் எரியும் விளக்கு பெரும்பாலும் சில நூறு லக்ஸ்கூடத் தராது. மேகம் மூடிய பகலிலும் வெளியே ஆயிரம் லக்ஸுக்கு மேல் இருக்கும். ஆகையால் வானம் சாம்பல் நிறத்தில் இருந்தாலும் காலையில் வெளியே போ. அரை மணி நேரம் நட. பனிச்சறுக்கு வேண்டாம், ஓட்டப்பந்தயம் வேண்டாம், நடந்தால் போதும். உள்ளே ஒட்டிய பனியன், நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட், வழுக்காத பூட்ஸ். முதல் மாதச் சம்பளத்தில் போனை வாங்காதே, பூட்ஸை வாங்கு. இரவு ஷிப்ட்காரர்கள் தூங்கி எழுந்ததும் மிச்சமிருக்கும் பகலைப் பிடித்துக்கொள்ளுங்கள். சோர்வு ஒவ்வொரு குளிர்காலமும் வந்து கவ்வுகிறதென்றால் மருத்துவரிடம் போ. காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காரும் சிகிச்சை இருக்கிறது. கண்ணில் நோய் இருந்தாலும், மனநிலை உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறும் நோய் இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடாதே.

நம் கறுத்த தோல் வெயிலுக்கு நல்ல கவசம். அதே கவசம் இங்கே கிடைக்கும் கொஞ்ச வெயிலில் உடம்பு வைட்டமின் டி தயாரிப்பதைக் குறைத்துவிடுகிறது. பிரிட்டனின் அரசு மருத்துவத் துறை இலையுதிர், குளிர் மாதங்களில் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பதை யோசிக்கச் சொல்கிறது. நம்மைப் போன்ற தோல்காரர்களுக்கு வருஷம் முழுவதும். பெரிய செலவில்லை. ரத்தப் பரிசோதனையில் உன் அளவைப் பார்த்துவிடு.

சாப்பாட்டைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ரசம் வைக்கத் தெரியாவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொள். நாலு பேர் சேர்ந்து சமையுங்கள். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவதுதான் மெல்ல மெல்லச் சமைக்காமலேயே இருப்பதில் போய் முடிகிறது.

இவ்வளவும் எதற்கு? சும்மா கதகதப்பாகக் கிடப்பதற்கா? இல்லவே இல்லை! நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 151 நாள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் 75 மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது. ஊரில் கல்யாணம், கோயில் கொடை, பக்கத்துவீட்டு மாமா என்று உன் மாலைப்பொழுதைப் பிடுங்க நூறு பேர் இருந்தார்கள். இங்கே அந்த மாலை முழுக்க உன்னுடையது. போனில் அடுத்தவன் வாழ்க்கையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தே அதைக் கரைக்கப் போகிறாயா? ஒன்றைப் பிடி. ஒன்றே ஒன்று. பிரெஞ்சு, கணக்கியல், வெல்டிங் சான்றிதழ், பாதியில் விட்ட மிருதங்கம், எதுவானாலும் சரி. அறையில் மனசு குவியாவிட்டால் நூலகத்துக்குப் போ. டொரன்டோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள் இருக்கின்றன, நகரவாசிகளுக்கு அட்டை இலவசம், தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. வெளிச்சமும் சூடும் தந்து காசு கேட்காத இடம் வேறு எது? குளிர் மிகுந்த நாட்களில் அரை மணி நேரம் முடியவில்லையா, பத்து நிமிஷம் செய். அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஐஸ் தண்ணீரில் குளிக்கச் சொல்லும் வீடியோக்காரர்களை நம்பாதே. இருட்டில் வாடும் உடம்பை அடித்து எழுப்ப முடியாது.

நார்வேயின் வடபகுதியில் டிராம்சோ என்று ஒரு நகரம். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். அந்த வட்டாரத்து மீன் பதனிடும் ஆலைகளில் 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் வேலை பார்த்தார்கள். போரில் வீட்டை இழந்தவர்கள், வெப்பத்தில் பிறந்தவர்கள், கிட்டத்தட்ட இரண்டு மாத இருட்டில், ஈரக் கையோடு மீன் வெட்டி நின்றார்கள். முதுகு வலித்தது, மூட்டு வலித்தது. தாங்கினார்கள். கூடிச் சமைத்தார்கள், பொங்கல் வைத்தார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தினார்கள். சேர்ந்து நின்றதால் தாங்க முடிந்தது. நீ அவர்களுக்குப் பின்னால் வந்தவன், வந்தவள். உனக்கு முன்னால் போட்ட தடம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறேன். எழவே முடியவில்லை, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதென்றால், இந்தக் கட்டுரை உனக்குப் போதாது. கனடாவில் 988ஐ அழை. பிரிட்டனில் 116 123. இந்தியாவில் 14416. எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. உன் கட்டடத்தில், உன் வகுப்பில், இந்த வருஷம் புதிதாக வந்த ஒருவர் இருப்பார். இன்று மாலைக்குள் அவர் கதவைத் தட்டு. ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று கேள். தாங்குகிறது என்று சொன்னாலும் உள்ளே போய்ப் பார்.